கிரவுனுக்குள் போனவர்

அக்டோபர் 16, புதன்: இப்ஸ்விச்

“எங்கள் அப்பா கிரவுனுக்குள் போனார், திரும்பி வரவே இல்லை.” என் மாமனாரின் தாத்தா தம் தந்தையைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனது இந்த ஒரு வாக்கியம்தான். இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் இருக்கும் சஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1880இல் பிறந்து, வாழ்நாள் முழுவதும் ஒரு சொட்டு மதுவையும் தொடாமல், ஞாயிறுதோறும் மெத்தடிஸ்ட் சபையின் முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்த மனிதர், கிரவுன் என்பது ஒரு பப்பின் பெயர் என்பதற்கு மேல் எதையும் விளக்கவில்லை. கேட்டவர்கள் மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். கொள்ளுத்தாத்தா கிரவுன் என்ற பப்பை நடத்தினார், அதைக் குடித்தே அழித்தார், குடும்பம் தெருவுக்கு வந்தது என்று கதை முழுமையாகிவிட்டது.

இந்தக் கதையை நம்பி இரண்டு தலைமுறை மதுவை ஒதுக்கி வைத்திருக்கிறது. மாமாவின் அக்காவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. 1847இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய ‘பேண்ட் ஆஃப் ஹோப்’ என்னும் சிறுவர் மதுவிலக்கு இயக்கத்தின் உறுதிமொழி அட்டையில், தம் ஒன்பதாவது வயதில், தாத்தாவின் கண் முன்னால் கையெழுத்திட்டவர் அவர். இன்றுவரை கிறிஸ்துமஸ் கேக்கில் பிராந்தி ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். மாமா மட்டும் கல்லூரிக்குப் போன இடத்தில் உறுதிமொழியை மறந்துவிட்டார்.

இந்த நாட்டில் மருமகள்கள் மாமனாரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக ‘மாமா’ என்றே கூப்பிட்டுப் பழகி, இப்போது அவரே தொலைபேசியில் “மாமா பேசுகிறேன்” என்கிறார். கொள்ளுத்தாத்தாவின் கடையைச் சாவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எழுபத்தொன்பது வயதுக்காரரைத் தனியே அனுப்ப மனம் இல்லாமல் நான் கிளம்பினேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தாத்தா கள்ளுக்கடைக் குத்தகை எடுத்திருந்தால், அந்தச் செய்தியை மறைக்கத்தான் குடும்பமே சேர்ந்து பாடுபடும். தேடிக்கொண்டு ரயிலேறுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

சஃபோக் ஆவணக் காப்பகம் இப்ஸ்விச்சில் படகுத்துறைக்கு அருகே, 2020இல் திறந்த ‘தி ஹோல்ட்’ என்ற புதிய கட்டடத்தில் இயங்குகிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோன இருபத்தைந்து நிமிடமும் மழை குறுக்காக அடித்ததால் இருவரும் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தோம். மேசையில் இருந்த பெண் முதலில் காகிதத் துண்டுகளைக் கொடுத்து முகம் துடைக்கச் சொன்னார். அதன் பிறகே அடையாள அட்டையைக் கேட்டார். பேனாவும் பையும் பூட்டறைக்குப் போக, பென்சிலும் கண்ணாடியும் மட்டும் எங்களோடு வந்தன. ஏடுகளைத் தாங்கப் பஞ்சுத் திண்டுகளும், பக்கம் புரளாமல் இருக்கக் கனமான மணிகள் கோத்த துணிக் கயிறுகளும் மேசைமேல் இருந்தன. மாமா அந்தக் கயிற்றைப் பூனைக்குட்டி போலத் தடவிக்கொண்டே இருந்தார்.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குப் பப் நடத்திய முன்னோர் கிடைப்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். பண்ணைக் கூலியாக இருந்தவர் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்று இடங்களில் பெயரை விட்டுவிட்டு மறைந்துவிடுவார். மது விற்றவரை அரசு அப்படி விடுவதில்லை. 1552ஆம் ஆண்டுச் சட்டம் முதலே பீர் விற்பவர் மாஜிஸ்திரேட்டுகளிடம் அனுமதி பெற்று, ஒழுங்காக நடப்பேன் என்று ஜாமீனோடு பிணைப் பத்திரம் எழுதித்தர வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை அவர் தகுதியானவர்தானா என்று அதிகாரம் உள்ளவர்கள் கூடி ஆராய்ந்து, பதில் என்னவானாலும் எங்காவது எழுதி வைத்தார்கள்.

நாங்கள் கிரவுனில் தொடங்கினோம், அதனால் கெட்டோம். இங்கிலாந்தில் பப்பின் பெயர் நம் ஊர்ப் பிள்ளையார் கோவில் மாதிரி. சிவப்புச் சிங்கமும் கிரவுனும் ராயல் ஓக்கும் எந்தத் திசையில் போனாலும் எதிர்ப்படும். 1874ஆம் ஆண்டு வணிக டைரக்டரியில் எங்கள் குடும்பப் பெயரோடு ஒருவர் ஒரு கிரவுனை நடத்துவதைக் கண்டதும் மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இரண்டரை மணி நேரம் அந்த மனிதரின் பின்னாலேயே போனோம். அவருக்கு மனைவி இரண்டு, பிள்ளைகள் பதினொன்று; இறந்தது எழுபத்தாறாம் வயதில், வசதியாக, படுக்கையில். எங்கள் குடும்பத்துக்கும் அவருக்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. பத்து மைல் தள்ளி, தாத்தா பிறந்த ஊரிலேயே இன்னொரு கிரவுன் இருந்தது. ஆனால் அதை நடத்தியவரின் பெயர் வேறாக இருந்ததால், அதை நாங்கள் காலையிலேயே ஒதுக்கித் தள்ளியிருந்தோம்.

மூடும் நேரத்திற்குச் சற்று முன்னால், சலிப்பில் தாத்தாவின் ஊருக்குரிய பக்கத்தைக் கெல்லி என்ற இன்னொரு வணிக டைரக்டரியில் மேலிருந்து கீழாக வாசித்தேன். பாதிரியார், பெரிய விவசாயிகள், தச்சர், மளிகைக்காரர் என்ற வரிசையில், எங்கள் குடும்பப் பெயருக்கு எதிரே, ‘கொல்லர், பீர் சில்லறை விற்பனையாளர்’ என்று நான்கே சொற்கள். கடைக்குப் பெயர் எதுவும் போடவில்லை.

இரவுச் சாப்பாடு விடுதிக்கு எதிரே மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். பதினொரு பவுண்டு ஐம்பது பென்ஸ். மீன் நன்றாக இருந்தது. வறுவலில் ஊற்றிய வினிகரைத்தான் இத்தனை ஆண்டுகளாகியும் என் நாக்கு ஏற்கவில்லை. கைப்பையில் இருந்த ஆவக்காய் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தேன். அறையில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. சொன்னபோது வரவேற்பில் இருந்த பையன் மிகுந்த பணிவோடு இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அக்டோபர் 17, வியாழன்: இப்ஸ்விச்

இந்த நாளைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

‘பீர் சில்லறை விற்பனையாளர்’ என்பதன் பொருளைக் காப்பக ஊழியர் ஒருவர் விளக்கினார். 1830இல் ஒரு சட்டம் வந்தது. உள்ளூர் வரி கட்டும் எவரும் ஆண்டுக்கு இரண்டு கினி கலால் கட்டணம் செலுத்தி, மாஜிஸ்திரேட்டுகளின் தயவே இல்லாமல், தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது அது. மக்களை ஜின்னிலிருந்து பீருக்குத் திருப்புவதும், கடைகளைத் தம் கைக்குள் வைத்திருந்த ஆலைக்காரர்களின் பிடியைத் தளர்த்துவதும் நோக்கம். கூடத்தில் இரண்டு பெஞ்சும், கொல்லைப்புற அறையில் ஒரு பீப்பாயும் இருந்தால் அது பீர் வீடு. கொல்லர்களும் தச்சர்களும் செருப்புத் தைப்பவர்களும் தொழிலோடு தொழிலாக இதைச் செய்தார்கள். லாடம் அடிக்க வந்தவர் காத்திருக்கத்தானே வேண்டும்? பிராந்தி, விஸ்கி விற்க இவர்களுக்கு அனுமதி இல்லை. ஊரின் முழு உரிமம் பெற்ற பப்காரர்கள் இவர்களை மதிக்கவும் இல்லை. டைரக்டரிகளில் இவர்களுடைய கடைப்பெயர் பெரும்பாலும் வராது. எனவேதான் கடையின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுபவர்கள் எங்களைப் போல ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

1869இல் பீர் வீடுகள் மீண்டும் மாஜிஸ்திரேட்டுகளின் கீழ் வந்தன. 1872ஆம் ஆண்டு உரிமச் சட்டம் ஒவ்வொரு வட்டாரத்திலும் உரிமப் பதிவேடு வைக்கச் சொன்னது. அந்தப் பதிவேடு பத்தே கால் மணிக்கு எங்கள் மேசைக்கு வந்தது. ஒரு கைக்குழந்தையின் எடை. பழைய தோலும் பூஞ்சையும் கலந்த மணம். கடையின் பெயர், உரிமதாரர், கட்டடத்தின் சொந்தக்காரர், உரிமம் கைமாறிய நாள், தண்டனைகள் எனக் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பக்கங்கள்.

கடையின் பெயர் ‘மூன்று லாடங்கள்’. கொல்லர் வைத்த கடைக்கு வேறு என்ன பெயர் இருக்க முடியும் என்று மாமா தலையில் தட்டிக்கொண்டார். உரிமம் 1876 முதல் கொள்ளுத்தாத்தாவின் பெயரில் இருக்கிறது. கட்டடம் ஒரு பீர் ஆலைக்குச் சொந்தம்; ஆக அவர் வாடகைக்காரர்தான், அழிப்பதற்கு அவருக்கென்று சொத்து எதுவும் இல்லை. தண்டனைக் கட்டத்தில் ஒன்றே ஒன்று: 1883, ஞாயிற்றுக்கிழமை தடை செய்யப்பட்ட நேரத்தில் விற்றதற்குப் பத்து ஷில்லிங் அபராதம். குடிபோதைக் குற்றம் எதுவும் இல்லை. 1889 ஜூன் மாதம் உரிமம் கைமாறுகிறது. புதிய உரிமதாரரின் பெயருக்குப் பின்னால் எழுத்தர் அழகான கையெழுத்தில் ‘கைம்பெண்’ என்று எழுதியிருந்தார்.

மாமா அந்தச் சொல்லின்மேல் விரலை வைக்கப் போய், கூடாது என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டார். கொள்ளுப்பாட்டியைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லையாம். அந்தப் பெண்ணின் பெயர் அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு புதுப்பிப்பாக, தண்டனைக் கட்டம் காலியாகவே, பதிவேட்டில் தொடர்ந்து வருகிறது.

ஆண்டுதோறும் மாஜிஸ்திரேட்டுகள் உரிமம் புதுப்பித்த அமர்வுக்கு ‘ப்ரூஸ்டர் செஷன்ஸ்’ என்று பெயர் இருந்தது. ப்ரூஸ்டர் என்றால் பீர் வடிக்கும் பெண். ஒரு காலத்தில் ஊருக்குப் பீர் வடித்தவர்கள் பெண்கள்தான் என்பதால் வந்த சொல் என்று ஊழியர் சொன்னார். அந்தப் பெயர் கொண்ட அமர்வில் மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கணவன் உயிரோடு இருந்தவரை வேலை செய்த பெண்ணின் பெயர் அங்கே வாசிக்கப்படவே இல்லை. 1881 கணக்கெடுப்பில் கொள்ளுப்பாட்டியின் தொழில் என்ற இடத்தில் ‘கொல்லரின் மனைவி’ என்றிருக்கிறது. 1891இல் அதே வீடு, அதே அடுப்படி, அதே பீப்பாய். தொழில் ‘பீர் வீடு நடத்துபவர்’. கணவன் உலையில் நின்ற பகல் முழுவதும் பீர் ஊற்றியது யார் என்று நான் கேட்டேன். மாமா பதில் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

கடை மூடப்பட்டது 1911இல். குடியால் அல்ல, கடனாலும் அல்ல. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓர் ஊரில் தேவைக்கு மிஞ்சி மதுக்கடைகள் இருந்தால், நடத்துபவரிடம் எந்தத் தவறும் இல்லாவிட்டாலும், இழப்பீடு கொடுத்து ஒன்றை மூடிவிடலாம். அந்தப் பணத்தை அரசு தரவில்லை. மிஞ்சியிருக்கும் கடைகளிடம் வசூலித்துச் சேர்த்த நிதியிலிருந்து கொடுத்தார்கள். சிறிய ஊருக்கு நான்கு கடைகள் அதிகம் என்று மாஜிஸ்திரேட்டுகள் முடிவு செய்தபோது, விற்பனை குறைவாக இருந்த மூன்று லாடங்களின் தலையில் கை வைத்தார்கள். இழப்பீட்டில் பெரும்பங்கு கட்டடச் சொந்தக்காரரான ஆலைக்குப் போனது. இருபத்திரண்டு ஆண்டு கடையை நடத்திய பெண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல். அது சட்டப்படி நியாயம்தான் என்று ஊழியர் சொன்னார். அவரோடு வாதாடி என்ன பயன்?

மதியம் காப்பகக் கணினியில் 1911 கணக்கெடுப்புப் படிவத்தைத் திறந்தோம். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் படியெடுத்த ஏடு. 1911இல்தான் குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய தாளே மிஞ்சியிருக்கிறது. ஏப்ரல் 2, ஞாயிறு இரவுக் கணக்கு. கடையை மூடும் வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. பென்சிலால் எழுதிப் பிறகு மையால் அதன்மேல் ஓட்டியது போன்ற, சாய்வில்லாத, பெரிய எழுத்துகள். திருமணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, இறந்தவை எத்தனை என்று கணவனோடு வாழும் பெண்கள் மட்டும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அந்தப் படிவத்தில் உண்டு. கைம்பெண்கள் பலர் அதையும் நிரப்பிவிடுவார்களாம், அதிகாரிகள் அடித்துவிடுவார்கள். கொள்ளுப்பாட்டியும் நிரப்பியிருக்கிறார்: ஏழு, அதில் மூன்று. குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகவே தெரிகின்றன.

அப்படியானால் கிரவுன் என்ன ஆனது? விடை இரவு பத்தரை மணிக்கு, வெப்பமூட்டி சரியாகாத அறையில், போர்வைக்குள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பழைய நாளிதழ்களைத் தேடியபோது கிடைத்தது. முதலில் 1883 வழக்கு வந்தது; அதை நாளைக்குச் சொல்கிறேன். அடுத்து 1889 மே மாதச் செய்தி, பன்னிரண்டு வரி. லாடம் அடிக்கும்போது வண்டிக்குதிரை உதைத்ததில் கொல்லர் மறுநாள் இறந்தார். மரண விசாரணை கிரவுனில் நடந்தது. ஜூரிகள் சடலத்தைப் பார்வையிட்டார்கள். விபத்து என்று தீர்ப்பு.

அந்தக் காலத்தில் சிற்றூர்களில் கூட்டம் கூடுவதற்குப் பப்பை விட்டால் வேறு கூடம் கிடையாது; மரண விசாரணை அதிகாரி வந்தால் அங்கேதான் உட்காருவார், சடலமும் அங்கே ஒரு கொட்டகையிலோ பின்னறையிலோ கிடத்தப்பட்டிருக்கும். எதிரே இருந்த பெரிய பப்புக்குள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதை ஒன்பது வயதுப் பிள்ளை வாசலில் நின்று பார்த்திருக்கிறான். அப்பா கிரவுனுக்குள் போனார், திரும்பி வரவே இல்லை. அவன் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறான்.

மாமா கணினியை மூடச் சொன்னார். மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் வரை இருவரும் எதுவும் பேசவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி: ஃப்ராம்லிங்ஹாமும் தாத்தாவின் ஊரும்

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பழைய மூன்று லாடங்களில் இப்போது ஒரு குடும்பம் வசிக்கிறது.

ஃப்ராம்லிங்ஹாம் வரை வந்துவிட்டோம். மழை விட்டு, ஈரத்தில் எல்லாம் பளிச்சென்றிருந்தது. இங்கே வீடுகளுக்கு இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு பூசுவது வழக்கம். கோட்டைச் சுவரின் சாம்பல் நிறத்துக்கு அருகில் அது கொஞ்சம் மிட்டாய்க்கடை போலத் தெரிந்தது. பேருந்துக்கு நேரம் இருந்ததால் ஊர் எல்லையில் பெட்ரோல் நிலையக் கடையில் சாண்ட்விச் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்தவர் என் பொட்டைப் பார்த்துவிட்டு, “அக்கா, தமிழோ?” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். “இஞ்ச என்ன அலுவல்?” என்று கேட்டதற்கு, நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய பீர் உரிமத்தைத் தேடி வந்திருக்கிறோம் என்றேன். சிரித்துவிட்டுத் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மது விற்கும் கடையில் கட்டாயம் மாட்டி வைக்க வேண்டிய உரிமச் சுருக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள், அவர் பெயரோடு. மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்து இந்த வேலை உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது அந்தச் சட்டத்தால்தான். “ஏதும் பிழை விட்டா என்ர பேர்தான் போகும், அக்கா,” என்றார். சாண்ட்விச்சுக்குக் காசு வாங்க மறுத்தார். நான் விடவில்லை, மூன்று பவுண்டு எண்பது.

பேருந்து எங்களைப் பக்கத்து ஊரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மாற வேண்டிய அடுத்த பேருந்து வரவே இல்லை. நிழற்குடையில் ஒட்டியிருந்த அட்டவணை சென்ற ஆண்டுக்குரியது என்பதை, நாய்க்குட்டியோடு வந்த ஒரு பெரியவர், தம்முடைய தவறு போலப் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னார். வாடகைக் கார் அழைக்கலாம் என்றேன். மாமாவின் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. “நடப்போம். எவ்வளவு தூரம் என்று உன் கைப்பேசியில் அளந்துகொண்டே வா.”

இந்த இடத்தில் 1883 வழக்கைச் சொல்ல வேண்டும். அப்போதைய சட்டம் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் மட்டுமே பப்புகளைத் திறக்க விட்டது. ஆனால் வழிப்போக்கருக்கு விலக்கு உண்டு: முந்தைய இரவு தங்கிய இடம் குறைந்தது மூன்று மைல் தூரத்தில் இருந்தால், அவருக்கு மூடிய நேரத்திலும் ஊற்றலாம். விளைவு என்ன? ஞாயிறு காலைகளில் இங்கிலாந்தின் கிராமத்து ஆண்கள் தத்தம் ஊர்ப் பப்பைத் தாண்டி மூன்று மைல் நடந்தார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் இங்கே வந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த இரண்டு பண்ணையாட்களுக்குக் கொள்ளுத்தாத்தா பீர் கொடுத்தார். சாலை வழியாக மூன்று மைலுக்கு மேல் என்று அவர்கள் சொன்னார்கள். வயல் வழியாக ஒரு பொதுப்பாதை இருப்பதையும், அது மூன்று மைலுக்குக் குறைவு என்பதையும் கான்ஸ்டபிள் அளந்து காட்டினார். பத்து ஷில்லிங்.

அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் அறுவடைக் காலம். வயல் விளிம்பெல்லாம் டிராக்டர் கிழித்த சேறு. தொலைவில் வளைந்த தகரக் கூண்டுகளுக்கு முன்னால் பன்றிகள் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது வேலிப்படியில் என் இடது காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. மாமா தம் கைக்குட்டையால் அதைக் கட்டிவிட்டார். மாமனார் மருமகளின் காலணியைத் தொட்டுக் கட்டுவதை எங்கள் ஊரில் யாரும் பார்க்காமல் இருந்தது நல்லது. சிற்றூரின் முதல் வீட்டை அடைந்தபோது கைப்பேசி 2.7 மைல் என்றது. “தீர்ப்பு சரிதான்,” என்றார் மாமா, மிகுந்த வருத்தத்தோடு.

மூன்று லாடங்களின் இப்போதைய சொந்தக்காரரான பெண்மணிக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தோம். சேற்றுக் காலோடு நின்ற எங்களைப் பார்த்ததும் அவர் செய்தித்தாளை விரித்து வழி அமைத்தார். கூடம் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பின்னால் இரண்டு படி இறங்கினால் செங்கல் தரை போட்ட குளிர்ந்த அறை. பீப்பாய்கள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குவளைக்கும் அந்த இரண்டு படிகளையும் இறங்கி ஏற வேண்டும். மேல்படியின் நடுப்பகுதி சட்டியின் உட்புறம் போலக் குழிந்திருந்தது. மாமா அதில் தம் சேறு படிந்த காலை வைக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு எட்டி இறங்கினார்.

தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் முடித்துக் கிளம்பும்போது மணி ஒன்றரை. எதிரே கிரவுன், இன்னும் பப்பாகவே, கரும்பலகையில் மதியச் சாப்பாட்டு விலைகளோடு. வாசலில் மாமா நின்றுவிட்டார். நான் முன்னால் போய்க் கதவைத் தள்ளிப் பிடித்தேன். உள்ளே அடுப்பு எரிந்தது, ஈர நாய் வாடை அடித்தது. பொரித்த இறாலும் வறுவலும் பதினான்கு பவுண்டு, இறால் ரப்பர் போல இருந்தது. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. விசாரணை நடந்த அறை எது என்று கேட்டதற்குக் கல்லாப் பையன் தன் முதலாளியைக் கேட்டான், முதலாளி தொலைபேசியில் தம் அம்மாவைக் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் மூவரும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள். அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்ல மாமா முயன்றார், அலைவரிசை இல்லை.

திரும்பிப் போக வாடகைக் காருக்கு முப்பத்தெட்டு பவுண்டு ஆயிற்று. வெளியே வந்து காரில் ஏறும்போது மாமா கிரவுனைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 19, சனி: லாக்ஸ்ஃபீல்ட்

நேற்றைய நடையில் மாமாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. நேராக வீட்டுக்குப் போகலாம் என்றேன். லாக்ஸ்ஃபீல்டில் ஒரு பப்பைப் பார்க்காமல் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். மீண்டும் வாடகைக் கார்.

கிங்ஸ் ஹெட் என்பது அதன் பெயர். தேவாலயத்துக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் ஊரார் ‘தாழ்ந்த வீடு’ என்கிறார்கள். கூரை வேய்ந்த பழைய கட்டடம். அதற்குள் போனவர்கள் முதலில் திகைப்பது ஒரு விஷயத்துக்காக: கவுண்டரே கிடையாது. பப் என்றால் நீளமான மர மேடையும் அதன் மேல் இழுக்கும் பிடிகளும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் பிற்காலத்து ஏற்பாடு. இங்கே கணப்பைச் சுற்றி ஆளுயர முதுகு கொண்ட பெஞ்சுகள். கேட்டதைப் பின்னறைப் பீப்பாயிலிருந்து நேரடியாகத் திறந்து பிடித்துக் கொண்டுவந்து தருகிறார்கள். பரிமாறிய பெண் நாங்கள் இருந்த முக்கால் மணி நேரத்தில் எத்தனை முறை உள்ளே போய் வந்தாள் என்று எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். கூட்டம் அதிகம் இல்லாத மதியம் அது.

மாமா சவுத்வோல்டில் வடிக்கும் பிட்டர் என்னும் கசப்பு பீர் அரைப் பைண்ட் வாங்கினார். எனக்கு எலுமிச்சைச் சாறு, ஊறுகாய் வெங்காயமும் செடார் பாலாடைக் கட்டியும் வைத்த உழவர் சாப்பாடு. அந்த வெங்காயம் நம் நாக்குக்கு ஏற்றதுதான். இரண்டாவது கேட்டு வாங்கினேன். எதிர்ப் பெஞ்சில் இருந்த தம்பதியர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, தங்கள் குடும்பத்திலும் ஒருவர் ‘பப்பில் செத்தவர்’ உண்டு என்றும், இனிமேல் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இங்கே அலைவரிசை கிடைத்தது. மாமா அக்காவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். உரிமம், குதிரை, கிரவுனில் கிடத்தியது, இருபத்திரண்டு ஆண்டு, இழப்பீடு என்று எல்லாவற்றையும், நான் குறித்துக் கொடுத்த தாளைப் பார்த்து, ஆண்டுகளோடு வரிசையாகச் சொன்னார். எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“தாத்தாவுக்கு இது தெரியும்தானே?” என்றார் அக்கா கடைசியில்.

“தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம்.”

“திருத்தியிருக்கலாமே.”

மாமாவிடம் அதற்குப் பதில் இல்லை. தாத்தாவுக்கு அந்தத் தவறு வசதியாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. குடிகார அப்பனிடமிருந்து தப்பி வந்த பிள்ளைக்குச் சபையில் ஒரு மரியாதை உண்டு. பீர் விற்று வளர்த்த தாயின் பிள்ளை என்று சொன்னால் அதே மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருமகள் சொல்லக்கூடியதும் அல்ல.

“அந்த அட்டை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது,” என்றார் அக்கா. மீண்டும் நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மாமா கைப்பேசியை உயர்த்திப் பார்த்தார்.

“நீ இப்போது என்ன குடிக்கிறாய்?”

“அரைப் பைண்ட் பிட்டர்.”

“என்ன விலை?”

“இரண்டு பவுண்டு எழுபது.”

“அவ்வளவா?” என்றார் அக்கா. பிறகு, “சரி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு பாட்டில் வாங்கி வா. சின்னதாக இருக்கட்டும்.”